ஒரே நிரலில் இரண்டு ஃபோன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மொத்த ஜவுளி வியாபாரம் செய்கிறோம். சில்லறைக் கடைக்காரர்கள் ஃபோனிலேயே ஆர்டர் போட ஒரு ஆப் வேண்டும். ஆண்ட்ராய்டுக்கும் ஐஃபோனுக்கும் தனித்தனியாகத்தான் எழுத வேண்டும் என்கிறது ஒரு கம்பெனி. ஃப்ளட்டர் என்ற கருவியில் ஒரே தடவை எழுதினால் இரண்டிலும் ஓடும், பாதி விலைக்கு முடித்துத் தருகிறோம் என்கிறது இன்னொன்று. யாரை நம்புவது?
(வாசகர், ஈரோடு)

பதில்: இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். உங்கள் ஆப்பில் என்ன இருக்கப்போகிறது? துணியின் படம், டிசைன் நம்பர், விலை, எத்தனை பீஸ், பழைய பாக்கி, ஆர்டர் பொத்தான். இதற்குப் போய் இரண்டு தனி ஆப் எழுதச் சொல்வது இன்றைக்குத் தேவையில்லாத செலவு. பட்டியல் காட்டுவது, படிவம் நிரப்புவது, சர்வரோடு பேசுவது இதெல்லாம் கூகுளின் ஃப்ளட்டரிலும் சரி, அதே மாதிரி ஃபேஸ்புக் தந்த ரியாக்ட் நேட்டிவிலும் சரி, நன்றாகவே வரும். உங்கள் கடைக்காரருக்கு வித்தியாசமே தெரியாது.

ஆனால் அந்தப் 'பாதி விலை'யைக் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். எழுதுவதுதான் ஒரு தடவை. சோதிப்பது இரண்டு ஃபோனிலும் தனித்தனியாக, நோட்டிஃபிகேஷன் அமைப்பதும் இரண்டு பக்கமும் தனித்தனியாக, பிளே ஸ்டோரிலும் ஆப் ஸ்டோரிலும் ஏற்றி, அவர்கள் திருப்பி அனுப்பினால் திருத்தி மறுபடி ஏற்றுவதும் தனித்தனியாகத்தான். கூகுளுக்கு ஒரே முறை 25 டாலர், ஆப்பிளுக்கு வருடா வருடம் 99 டாலர். முதல் வருட மிச்சம் உண்மைதான், ஆனால் அது சரிபாதியாக இருக்காது.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: உங்கள் கடைக்காரர்களில் எத்தனை பேரிடம் ஐஃபோன் இருக்கிறது? இந்தியாவில் நூறு ஃபோனில் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டுதான். எல்லோரிடமும் ஆண்ட்ராய்டு என்றால் இந்தச் சண்டைக்கே இடமில்லை, கோட்லின் என்ற ஆண்ட்ராய்டு நிரல் மொழியில் ஒரு ஆப் எழுதி வாங்கிக்கொள்ளலாம், ஏன், ஃபோனில் நன்றாகத் திறக்கிற ஒரு இணையதளமே போதுமா என்றுகூட யோசிக்கலாம். (கடைக்காரரின் மகன் ஐஃபோன் வைத்திருக்கிறான், ஆர்டர் போடுவதே அவன்தான் என்றால் அது வேறு கணக்கு.)

அப்புறம், ஊர் ஊராகப் போகும் உங்கள் விற்பனை ஆட்கள் புளூடூத் பிரின்டரில் ரசீது அடிக்க வேண்டுமா? இந்த மாதிரி வேலைகளை ஃப்ளட்டர் தானாகச் செய்யாது, யாரோ ஒருவர் எழுதி இலவசமாக வெளியிட்ட பிளகின் (துணை நிரல்) வழியாகச் செய்யும். அந்த யாரோ ஒருவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டால் பிளகின் அப்படியே நின்றுபோகும். எந்த பிளகினைப் பயன்படுத்தப் போகிறீர்கள், அது கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று கம்பெனியிடம் கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பராமரிப்புக்கு ஒப்பந்தம் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒவ்வொரு வருடமும் புதிய ஆண்ட்ராய்டைக் குறிவைத்து ஆப்பை மாற்றச் சொல்கிறது கூகுள், மாற்றாவிட்டால் அப்டேட் ஏற்ற விடாது. 2025 நவம்பர் 1 முதல் இன்னொரு விதியும் சேர்ந்துகொண்டது, ஆண்ட்ராய்டு 15ஐயோ அதற்கு மேலோ குறிவைக்கும் ஆப்கள் 16 கேபி நினைவகப் பக்க அளவில் (ஃபோன் தன் நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் துண்டின் அளவு) ஓட வேண்டும் என்று. கோட்லினில் மட்டும் எழுதிய ஆப்களுக்கு இது பெரும்பாலும் ஒன்றுமே இல்லை. ஃப்ளட்டர், ரியாக்ட் நேட்டிவ் ஆப்களுக்குள் சி பிளஸ் பிளஸ் என்ற மொழியில் எழுதிய பகுதிகள் கட்டாயம் இருக்கும் என்பதால் கருவியையும் அப்டேட் செய்ய வேண்டும், பழைய பிளகின்களையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். இந்த வேலையை யார், என்ன விலைக்குச் செய்வார்கள்?

கடைசியாக, பிளே ஸ்டோர் கணக்கும் ஆப்பிள் கணக்கும் உங்கள் பெயரில் இருக்கட்டும், முழு நிரலும் கையொப்பச் சாவியும் (ஆப் உங்களுடையதுதான் என்று காட்டும் டிஜிட்டல் சாவி) உங்கள் கைக்கு வரட்டும். எந்தக் கருவியில் எழுதினாலும் இது பொருந்தும். இது இல்லாமல் மாட்டிக்கொண்ட வியாபாரிகள் நிறைய.

கேள்வி: தங்க இடம் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி, ரியாக்ட் நேட்டிவைத் தூக்கிப் போட்டுவிட்டதே! இந்த மாதிரிக் கருவிகள் எல்லாம் நாலைந்து வருடத்தில் செத்துப்போகும் என்கிறார் எங்கள் டீம் லீடர். உண்மையா?
(வாசகர், மதுரை)

பதில்: உங்கள் டீம் லீடர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, சுடுகாட்டுக் கணக்கு அவர் பக்கம்தான். ஃபோன்கேப் என்று ஒன்று இருந்தது, இணையப் பக்கத்தை ஆப்புக்குள் பொதிந்து தரும். 2011இல் அதை எழுதிய நிறுவனத்தை அடோபி வாங்கியது, 2020இல் ஃபோன்கேப்பையே மூடிவிட்டது. டைட்டானியம் என்ற இன்னொரு கருவிக்கு ஆக்ஸ்வே நிறுவனம் தந்த ஆதரவு 2022இல் முடிந்தது. சி ஷார்ப் மொழியில் ஆப் எழுத உதவிய ஸாமரினை 2016இல் மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது அந்த மொழி தெரிந்தவர்கள் எல்லாம் ஆடிப்பாடினார்கள், 2024 மே 1ஆம் தேதியோடு அதற்கும் ஆதரவு நின்றது. டாட் நெட் மாவி என்று வாரிசு ஒன்று இருக்கிறது, ஆனால் அதற்கு மாறுவது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை இல்லை, எத்தனையோ நிறுவனங்கள் எழுதியதை மறுபடி எழுதின.

ஆனால் ஏர்பிஎன்பி கதையை எல்லோரும் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். 2016இல் அவர்கள் ரியாக்ட் நேட்டிவைத் தொட்டபோதே அவர்களிடம் பெரிய ஐஃபோன் ஆப் ஒன்று, பெரிய ஆண்ட்ராய்டு ஆப் ஒன்று, இரண்டையும் எழுதிய ஆட்கள், எல்லாம் இருந்தது. அதை எடுத்துப் போடாமல் நடுவில் சில திரைகளை மட்டும் புதிய கருவியில் எழுதிச் செருகினார்கள். பழையதும் புதியதும் பேசிக்கொள்ளத் தனியாகப் பாலம் கட்ட வேண்டியிருந்தது. இரண்டை ஒன்றாக்கப் போய் மூன்றைப் பராமரிக்கும் நிலைக்கு வந்தார்கள், 2018இல் விடைபெற்றார்கள். அதைப் பற்றி அவர்களே விரிவாக எழுதினார்கள், பிடித்த விஷயங்களையும் மறைக்காமல். பெரிய ஆப் ஏற்கெனவே இருக்கிற இடத்தில் பாதியில் புகுத்துவது கஷ்டம் என்பதுதான் அதிலிருந்து எனக்குப் புரிந்தது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்தப் பாடம் அப்படியே பொருந்தாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அரட்டை ஆப்பான டிஸ்கார்ட் ஐஃபோனில் 2015இலிருந்தே ரியாக்ட் நேட்டிவ், 2022இல் ஆண்ட்ராய்டையும் அதற்கே மாற்றியது. இணையக் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபை 2020இல் இனி எங்கள் புதிய ஆப் எல்லாம் இதில்தான் என்று அறிவித்து, அப்படியே செய்தும் வருகிறது. பிஎம்டபிள்யூவின் ஆப், நம்மூரில் டீக்கடை வரைக்கும் வந்துவிட்ட கூகுள் பே, இரண்டும் ஃப்ளட்டர்.

இவற்றை விட எனக்கு முக்கியமாகப் படுவது, கோப்புகளை இணையத்தில் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ். அவர்கள் எந்தக் கருவியையும் நம்பாமல் சி பிளஸ் பிளஸில் பொது நிரலை எழுதி இரண்டு ஃபோனுக்கும் பகிர்ந்துகொண்டார்கள், 2013 வாக்கில் ஆரம்பித்தது. 2019இல் அதைக் கைவிட்டு ஐஃபோனுக்கு ஸ்விஃப்ட் மொழி, ஆண்ட்ராய்டுக்குக் கோட்லின் என்று தனித்தனியாகப் போனார்கள். வேகம் போதவில்லை என்பதாலா? இல்லை. மற்றவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் உபகரணங்களைக்கூட அவர்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது, அந்த வேலை தெரிந்த ஆட்கள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தவர் போய்விட்டால் அடுத்தவரைத் தயார் செய்வது அதைவிடக் கஷ்டம். ஒரே நிரல் என்பதில் மிச்சமாவது எழுதும் நேரம், எழுதியவர் எழுந்து போன பிறகு வரும் செலவுதான் பெரியது, அதை யாரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை.

சரி, ஃப்ளட்டரும் செத்துப்போகுமா? 2024இல் கூகுள் அந்த அணியிலிருந்து சிலரை வேலையை விட்டு அனுப்பியபோது இதே பயம் கிளம்பியது. கருவி தொடர்ந்து வந்துகொண்டுதான் இருக்கிறது. என் யோசனை, எந்தக் கருவியானாலும் திரையை வரையும் நிரலையும் கணக்கு வழக்கு நிரலையும் கலக்காமல் எழுதுங்கள், முடிந்தவரை கணக்கை சர்வரிலேயே வையுங்கள். நாளைக்குக் கருவி போனாலும் போவது திரைகள் மட்டும்தான்.

கேள்வி: தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளுக்காக ஃப்ளட்டரில் ஆப் செய்கிறேன். பெயரின் முதல் எழுத்தை ஒரு வட்டத்துக்குள் காட்ட வேண்டும். கோமதி என்ற பெயருக்கு 'க' என்று வருகிறது. கருவியின் கோளாறா?
(வாசகி, கோலாலம்பூர்)

பதில்: கோளாறு இல்லை, ஆனால் இந்த இடத்தில் தமிழர்கள் எல்லோரும் ஒரு தடவை தடுக்கி விழுவார்கள். ஃப்ளட்டரில் நாம் எழுதும் டார்ட் மொழி எழுத்தை எண்ணும் விதம் வேறு. 'கோ' அதற்கு இரண்டு துண்டு: க, அப்புறம் ஓகாரக் குறி. முதல் துண்டைக் கேட்டீர்கள், கொடுத்தது. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். ஜாவாஸ்கிரிப்டும் கோட்லினும் இதே 5தான். ஐஃபோனின் ஸ்விஃப்ட் மட்டும் நாம் எண்ணுவதைப் போல 3 என்கிறது. இரண்டு தனி ஆப் எழுதியிருந்தால் ஐஃபோனில் 'கோ', ஆண்ட்ராய்டில் 'க' என்று ஆளுக்கொன்றாகக் காட்டியிருக்கும், நீங்கள் இன்னும் குழம்பியிருப்பீர்கள். ஒரே நிரலில் தப்பென்றால் இரண்டிலும் ஒரே தப்பு, திருத்துவதும் ஒரே இடத்தில், அந்த வகையில் லாபம்.

டார்ட்டில் கேரக்டர்ஸ் என்ற பொதி இருக்கிறது, அதன் வழியாக முதல் எழுத்தைக் கேளுங்கள், 'கோ' முழுதாக வரும். ஆனால் அங்கேயும் ஸ்ரீதர் வந்தால் 'ஸ்' என்றுதான் காட்டும், ஏனென்றால் கணினியில் எழுத்துகளுக்கான யூனிகோடு விதியில் ஸ், ரீ இரண்டும் தனித்தனி. க்ஷ எழுத்துக்கும் அதே கதி. இவை இரண்டையும் நீங்களே கையால் கவனித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஒவ்வொரு ஃபோனிலும் தமிழ் எழுத்துரு ஒவ்வொரு மாதிரி இருக்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் போல ஒன்றை ஆப்போடு சேர்த்தே அனுப்பிவிடுங்கள். பொத்தானுக்கு ஆங்கிலத்தை மனதில் வைத்து உயரம் நிர்ணயித்தால் 'கீ'யின் தலையும் 'கூ'வின் காலும் வெட்டுப்படும், உயரத்தைக் கட்டாமல் விட்டுவிடுங்கள்.

கேள்வி: வேலை கிடைக்க எதைப் படிப்பது, ஃப்ளட்டரா ரியாக்ட் நேட்டிவா?
(கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: ஜாவாஸ்கிரிப்டும் ரியாக்ட்டும் ஏற்கெனவே தெரியும் என்றால் ரியாக்ட் நேட்டிவ், ஒன்றுமே தெரியாது என்றால் ஃப்ளட்டர் சுலபமாக இருக்கும். இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், நேர்காணலில் கேட்பார்கள். ரியாக்ட் நேட்டிவ் ஃபோனின் சொந்தப் பொத்தான்களையே திரையில் வைக்கும். ஃப்ளட்டர் எல்லாவற்றையும் தானே வரைந்துகொள்ளும். அதனால்தான் ஃப்ளட்டர் ஆப் எல்லா ஃபோனிலும் அச்சடித்ததைப் போல ஒரே மாதிரி இருக்கிறது, அதனால்தான் 2025இல் ஆப்பிள் ஐஓஎஸ் 26இல் கண்ணாடி போன்ற புதிய தோற்றத்தைக் கொண்டுவந்தபோது ஃப்ளட்டர் ஆப்கள் தானாக அதற்கு மாறவில்லை.

எதைப் படித்தாலும் கோட்லினையோ ஸ்விஃப்ட்டையோ கொஞ்சமாவது தொட்டுப் பாருங்கள். பிளகின் உடையும் நாளில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் மரியாதை. கோட்லின் மல்டிபிளாட்ஃபார்ம் என்று ஒன்று 2023 நவம்பரில் நிலையான பதிப்பாக வந்திருக்கிறது, கணக்கு நிரலை மட்டும் பகிர்ந்துகொண்டு திரைகளைத் தனித்தனியாக எழுதலாம், விரும்பினால் திரையையும் பகிரலாம். ஆண்ட்ராய்டு தெரிந்தவர்களுக்கு நல்ல வழி.

கேள்வி: வேன் டிரைவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நாள் முழுக்கக் காட்டும் ஆப். ஒரே நிரலில் செய்யலாமா?
(வாசகர், திருநெல்வேலி)

பதில்: டிரைவர் பக்கத்து ஆப்பை மட்டும் நேரடியாக ஆண்ட்ராய்டுக்கே எழுதுங்கள். திரை அணைந்த பிறகும் இடத்தை அனுப்பிக்கொண்டே இருப்பது ஃபோனோடு மல்லுக்கட்டும் வேலை. தனி அனுமதி வேண்டும், பிளே ஸ்டோருக்கு ஏன் என்று காரணம் சொல்ல வேண்டும், இதற்கு மேல் சில கம்பெனி ஃபோன்கள் பேட்டரியைக் காப்பாற்றுகிறேன் என்று ஆப்பையே தூங்க வைத்துவிடும். கோட்லினில் எழுதினாலும் இந்தத் தொல்லை உண்டு, ஆனால் நடுவில் இன்னொரு அடுக்கு இல்லாததால் எங்கே நின்றது என்று கண்டுபிடிக்கலாம். வேனுக்குக் காத்திருக்கும் பெற்றோர் பார்க்கிற ஆப்பை ஃப்ளட்டரில் தாராளமாக எழுதலாம்.

கேள்வி: எங்கள் இணையதளத்தையே ஆப்பாகச் சுற்றித் தருகிறோம் என்கிறார்கள். சரிப்படுமா?
(வாசகி, திருச்சி)

பதில்: ஆப்பிள் திருப்பி அனுப்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. வெறும் இணையதளத்தைப் பொதிந்ததாக இருக்கக் கூடாது என்று அவர்கள் விதிகளில் 4.2ஆம் பிரிவே இருக்கிறது. ஃபேஸ்புக்கே ஒரு காலத்தில் இந்த வழியில் போய், வேகம் போதாமல் 2012இல் ஐஃபோன் ஆப்பை முழுதாகத் திருப்பி எழுதியது.

கேள்வி: மேக் இல்லாமல் ஐஃபோன் ஆப் வெளியிட முடியுமா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: முடியும். எழுதுவதும் ஆண்ட்ராய்டில் ஓட்டிப் பார்ப்பதும் உங்கள் விண்டோஸ் கணினியிலேயே நடக்கும். ஐஃபோனுக்கான பில்டை (நிரலை ஆப்பாக மாற்றும் வேலை) மட்டும் இணையம் வழியாக வாடகை மேக்கில் செய்யலாம், ஃப்ளட்டருக்குக் கோட்மேஜிக், ரியாக்ட் நேட்டிவுக்கு எக்ஸ்போ, இரண்டுக்கும் கிட்ஹப்பின் மேக் இயந்திரங்கள். கொஞ்சமாகப் பயன்படுத்தினால் இலவச அளவுக்குள்ளேயே முடிந்துவிடலாம். ஆப்பிளின் சோதனைச் சேவையான டெஸ்ட்ஃப்ளைட் வழியாக நண்பரின் ஐஃபோனில் போட்டுப் பாருங்கள். ஐஃபோனில் மட்டும் வரும் ஒரு பிழையைத் தேட ஆரம்பித்தால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் வாடகை பில்ட் முடியும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும், அப்போது பழைய மேக் மினி ஒன்று எங்கே கிடைக்கும் என்று நீங்களே விசாரிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். வாங்கும்போது ஐஃபோன் ஆப் உருவாக்கும் ஆப்பிளின் மென்பொருளான எக்ஸ்கோடின் இப்போதைய பதிப்பு அதில் ஓடுமா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.