கார்டு வட்டியை ‘ரூபாய் வட்டி’யில் கணக்குப் போட்டுப் பாருங்கள்

காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஓசூர் சிப்காட்டில் வேலை, பிடித்தமெல்லாம் போக மாதம் 36,000 ரூபாய் கைக்கு வருகிறது, சொந்த வீடு என்பதால் வாடகை இல்லை. இரண்டு கிரெடிட் கார்டுகளில் 1,12,000, 46,000 என்று மொத்தம் 1,58,000 ரூபாய் நிற்கிறது. பெர்சனல் லோன் பாக்கி 90,000, மாதத் தவணை 5,240, இன்னும் 20 மாதம். ஊரில் தெரிந்தவரிடம் ரெண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கிய 40,000. ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு ஒன்று, தள்ளுபடி போக மாதம் சராசரியாக 4,300 கட்டுகிறார், இன்னும் எடுக்கவில்லை, 9 மாதம் பாக்கி. வீட்டில் மனைவியின் நகை 4 பவுன் இருக்கிறது. அவர் வார்த்தையிலேயே மீதி: “ஒன்றரை வருஷமா மினிமம் விடாம கட்டுறேன், மாசம் 7,900 போகுது, கடன் அப்படியே நிக்குது. சின்னக் கார்டை முதல்ல முடின்னு நண்பர் சொல்றார், சீட்டைத் தள்ளி எடுன்னு அண்ணன் சொல்றார், பாதி கட்டினா போதும், செட்டில்மெண்ட் பண்ணித் தர்றேன்னு ஒருத்தர் போன் பண்றார். எதைச் செய்றது? கார்டு கடன் மனைவிக்குத் தெரியாது.”

தம்பி, கடைசியில் எழுதிய அந்த ஒரு வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு அங்கே வருகிறேன், ஏனென்றால் மனைவியிடம் பேசும்போது இந்தக் கணக்கு உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நம் பக்கம் கைமாற்று வாங்கும்போது யாரும் சதவீதம் பேசுவதில்லை. “என்ன வட்டி, ஒரு ரூபாயா, ரெண்டு ரூபாயா?” என்றுதான் கேட்போம், அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் எவ்வளவு. நாலு ரூபாய் வட்டி என்று ஒருவர் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுவோம். ஆனால் அதே நாம் கார்டு ஸ்டேட்மெண்டில் பொடி எழுத்தில் ‘மாதம் 3.75 சதவீதம்’ என்று போட்டிருந்தால் அதை வட்டியாகவே பார்ப்பதில்லை. அது மூன்றே முக்கால் ரூபாய் வட்டி. அதோடு முடியவில்லை, அந்த வட்டியின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, சேர்த்தால் 4 ரூபாய் 42 பைசா. ஊரில் ரெண்டு ரூபாய் வட்டிக்குக் கொடுத்தவரைப் பார்த்து நீங்கள் தெரு மாறிப் போகிறீர்கள், அவரை விட இரண்டு மடங்கு வாங்கும் கார்டு உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

உங்கள் பெரிய கார்டுக்கு 3.75, சின்னதற்கு 3.5 என்று எழுதியிருந்தீர்கள். 1,12,000-க்கு மாத வட்டி 4,200, ஜிஎஸ்டி 756. 46,000-க்கு 1,610, ஜிஎஸ்டி 290. கூட்டினால் மாதம் ஏறக்குறைய 6,850 ரூபாய். நீங்கள் கட்டும் மினிமம் என்பது பாக்கியில் 5 சதவீதம், அதாவது 7,900. அதில் 6,850 வட்டிக்குப் போய்விட்டால் கடனில் கழிவது 1,050 ரூபாய்தான். அந்த 1,050-க்கும் நடுவில் நீங்கள் பெட்ரோல் போட்டு, மளிகை வாங்கித் திரும்ப ஏற்றிவிடுகிறீர்கள், அதனால்தான் ஒன்றரை வருடமாக அப்படியே நிற்கிறது. கார்டை இனித் தொடவே மாட்டேன் என்று இருந்து, பாக்கி குறையக் குறைய மினிமமும் குறைந்துகொண்டே வர அதை மட்டும் கட்டினால், கடன் பாதியாகவே எட்டு ஒன்பது வருடம் ஆகும். குறைக்காமல் மாதம் 7,900 நிலையாகக் கட்டினாலும் நான்கு வருடம், மொத்தம் 3,79,000 ரூபாய்.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பில் தொகையை முழுதாகக் கட்டுகிறவருக்குத்தான் அந்த 45, 50 நாள் வட்டியில்லாக் காலம். ஒரு மாதம் பாக்கி வைத்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடும், அடுத்து நீங்கள் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கார்டு போட்டுப் பணம் எடுத்தால் எப்போதுமே முதல் நாளிலிருந்து வட்டி, கூடவே எடுப்புக் கட்டணம். ஸ்வைப் செய்து 2, 3 சதவீதம் கமிஷன் பிடித்துக்கொண்டு ரொக்கம் தரும் கடையில் வாங்கி, ஒரு கார்டு பணத்தை இன்னொரு கார்டுக்குக் கட்டியதாக எழுதியிருந்தீர்கள், அதை இன்றோடு நிறுத்துங்கள். கடன் ஒரு ரூபாய்கூடக் குறையாமல் மாதாமாதம் கமிஷன் மட்டும் போகிறது, கார்டு விதிப்படியும் அது தவறு. யூபிஐயில் ரூபே கிரெடிட் கார்டை இணைத்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், டீக்கடை ஸ்கேனரில் 30 ரூபாய் போடும்போது அது கடன் என்று யாருக்கும் தோன்றாது.

30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே என்றும் கேட்டிருந்தீர்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் அப்படிச் சொன்னது உண்மை. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. அந்த நம்பிக்கையில் காத்திருக்க வேண்டாம்.

சரி, இப்போது உங்கள் கடன்களை ரூபாய் வட்டியில் வரிசையாக வையுங்கள். கார்டு நாலு ரூபாய்க்கு மேல். கைமாற்று ரெண்டு ரூபாய். பெர்சனல் லோன் ஆண்டுக்கு 18 சதவீதம், அதாவது ஒன்றரை ரூபாய். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன் வைத்தால் ஆண்டுக்கு 10 சதவீதத்தை ஒட்டி வரும், மாதத்துக்கு 80, 85 பைசா வட்டி. உங்கள் வீட்டில் மிக மலிவாகப் பணம் தரக்கூடிய பொருள் பீரோவில் இருக்கிறது, நீங்களோ மிக விலை கூடிய பணத்தைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். என் பதில் இதுதான்: நகையை வங்கியில் வைத்து 1,58,000 வாங்கி, இரண்டு கார்டையும் ஒரே நாளில் முழுதாக அடையுங்கள். 4 பவுனுக்கு அந்தத் தொகை தாராளமாகக் கிடைக்கும். மாதம் 6,850 போய்க்கொண்டிருந்த வட்டி 1,320-க்கு இறங்கிவிடும்.

ஆனால் நகை உங்களுடையது இல்லை, உங்கள் மனைவியுடையது. அவருக்குத் தெரியாமல் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தால் தயவுசெய்து செய்யாதீர்கள். கார்டு ஸ்டேட்மெண்ட் இரண்டையும், லோன் விவரத்தையும், சீட்டு அட்டையையும் எடுத்து வைத்து, எது எதற்காக வாங்கியது என்று ஒன்றுவிடாமல் சொல்லுங்கள், ஏதாவது ஒன்றை மறைத்துவிட்டு மீதியைச் சொன்னால் அந்த மறைத்த ஒன்றுதான் ஆறு மாதம் கழித்து வெளியே வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் எத்தனையோ குடும்பங்களுக்கு நான் இப்படி உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறேன். கடன் தெரிந்ததும் பெண்கள் கோபப்படுவார்கள், அழுவார்கள், அது நியாயம். அதன் பிறகு வீட்டுச் செலவில் எங்கே 1,500 ரூபாய் குறைக்க முடியும் என்று நமக்கு முன்னால் வழி சொல்வதும் அவர்கள்தான். நகையைத் தர மாட்டேன் என்று அவர் சொன்னால் அதையும் ஏற்றுக்கொள்ளுங்கள், அதற்கும் கீழே ஒரு வழி சொல்கிறேன்.

எங்கே வைப்பது என்பதில் சோம்பல் வேண்டாம். உங்கள் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கம், பிறகு சம்பளக் கணக்கு இருக்கும் வங்கி, இரண்டிலும் கேளுங்கள். தனியார் நகைக்கடன் கம்பெனியில் பத்து நிமிடத்தில் பணம் கிடைக்கும், ஆனால் சில திட்டங்களில் முதல் மாதம் ஒரு வட்டி, தவறினால் அடுத்தடுத்துக் கூடும் வட்டி. கவுண்டரில் மூன்று கேள்வி கேளுங்கள்: ஆண்டு வட்டி எவ்வளவு, நடுவில் அசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா, 12 மாதம் முடிந்தால் என்ன நடைமுறை. மாத வட்டியைத் தவறாமல் கட்டிவிடுங்கள், நகைக்கடனில் ஆளை முங்கவைப்பது வருடக் கடைசியில் மொத்தமாக வந்து நிற்கும் வட்டிதான்.

அடுத்து, கார்டுக்குக் கட்டிக்கொண்டிருந்த 7,900 ரூபாயை வீட்டுச் செலவில் கலக்க விடாமல் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும், மொத்தத் திட்டமும் இதில்தான் நிற்கிறது. அதில் நகை வட்டி 1,320 போக மீதி 6,580. இதைக் கைமாற்று கொடுத்தவருக்குச் சேர்த்துக் கொடுங்கள், ஐந்தாயிரம் பத்தாயிரமாக அசலில் வாங்கிக்கொள்வாரா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஆறு, ஏழு மாதத்தில் அந்த 40,000 முடிந்துவிடும், அவருக்குக் கொடுத்துவந்த 800 ரூபாய் வட்டியும் மிச்சம். அதன்பின் 7,900-ம் இந்த 800-ம் சேர்ந்த 8,700 முழுவதும் நகைக்குப் போகட்டும். ஒன்பதாவது மாதம் சீட்டு கடைசி ஆள் கணக்கில் கமிஷன் போக 95,000 வரும், அதையும் நகைக்கே கட்டினால் பாக்கி 41,000 அளவில் நிற்கும். சீட்டுக்குக் கட்டின 4,300-ம் இப்போது கையில் இருப்பதால் மாதம் 13,000 கட்ட முடியும். வருடம் திரும்பும்போது, மிஞ்சிப்போனால் இன்னும் ஒரு மாதத்தில், நகை வீட்டுக்கு வந்துவிடும். பெர்சனல் லோன் அதன் பாட்டுக்குத் தவணையில் ஓடட்டும், முன்கூட்டி அடைத்தால் கட்டணம் இருக்கலாம், ஒன்றரை ரூபாய் வட்டிக்கு அவசரமும் இல்லை.

மாங்காய் சீசனில் அப்பா தோப்பிலிருந்து முப்பது நாற்பதாயிரம் வரும் என்று எழுதியிருந்தீர்கள். நான் வேண்டுமென்றே அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. 2025 சீசனில் பெங்களூரா மாங்காய் கிலோ 5 ரூபாய் அளவுக்கு விழுந்ததை நம் மாவட்டமே பார்த்தது. வந்தால் அதைத் தனியாக வங்கியில் போட்டு வையுங்கள், ஆஸ்பத்திரி, பள்ளிக் கட்டணம் என்று வரும்போது திரும்பக் கார்டை எடுக்காமல் இருக்க அதுதான் உதவும்.

அண்ணன் சொன்னபடி சீட்டை இப்போதே 20,000 தள்ளி, அதாவது ஏலத்தில் அவ்வளவு விட்டுக்கொடுத்து எடுத்தால் கைக்கு 80,000 வரும். கடைசியில் வரும் 95,000-ஐ விட 15,000 குறைவு, ஒன்பது மாதத்துக்கு அது ரெண்டு ரூபாய் வட்டி. கார்டை விட மலிவு, நகையை விட இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே நகை கிடைத்தால் சீட்டைத் தொட வேண்டாம். ஆனால் இது பதிவு செய்யாத, ஆளை நம்பிக் கட்டுகிற சீட்டு என்றால் என் பதில் மாறும்: இந்த மாதமே எடுத்துவிடுங்கள், 15,000 போனாலும் பரவாயில்லை.

நண்பர் சொன்ன ‘சின்னதை முதலில் முடி’ என்பதில் ஒரு நியாயம் உண்டு, ஒன்று முடிந்தால் மனதுக்குத் தெம்பு வரும். இரண்டையும் சேர்த்து அடைக்க முடிகிற உங்களுக்கு அது தேவைப்படாது.

அந்த செட்டில்மெண்ட் ஆளின் போனை இனி எடுக்க வேண்டாம். பாதி கட்டி முடித்தால் உங்கள் கடன் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், ‘குளோஸ்டு’ என்று விழாது. இரண்டு வருடத்தில் மாடி எடுக்க வீட்டுக் கடன் வாங்கப் போவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள், வங்கி முதலில் பார்ப்பது அந்த வார்த்தையைத்தான். வேலை போய், வருமானமே நின்றவருக்கு அது கடைசி வழி, அப்போதும் நேராக வங்கியிடம் எழுத்தில் பேச வேண்டும், நடுவில் ஒருவருக்குக் காசு கொடுத்து இல்லை. உங்களுக்குச் சம்பளம் வருகிறது, ஒரு தவணையும் தவறவில்லை, நீங்கள் ஏன் அதைச் செய்ய வேண்டும்?

நகை வேண்டாம் என்று மனைவி சொல்லிவிட்டால் கார்டு வங்கியைக் கூப்பிட்டு மொத்த பாக்கியையும் இஎம்ஐயாக மாற்றக் கேளுங்கள். ஆண்டுக்கு 18 சதவீதத்தில் 24 மாதம் என்று வைத்துக்கொண்டால் ஜிஎஸ்டியும் சேர்த்து மாதம் 8,100 ரூபாய் சுமார், கூடவே ஒருமுறை கட்டணம். இப்போது கட்டுவதை விட 200 ரூபாய்தான் அதிகம், ஆனால் 24 மாதத்தில் கார்டில் பாக்கியே இருக்காது. வட்டியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிப் பேசுங்கள், கேட்டால் சில நேரம் குறைக்கிறார்கள்.

அடைத்த பிறகு இரண்டு கார்டும் தேவையில்லை. பழையதை வைத்துக்கொண்டு மற்றதை மூடச் சொல்லுங்கள். பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் 7 வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022 விதி. வைத்துக்கொள்ளும் கார்டின் லிமிட்டை 40,000 ஆகக் குறைக்கச் சொல்லுங்கள். உங்களுக்குச் சம்பளம் 7-ஆம் தேதி வருகிறது, கார்டு கெடு 2-ஆம் தேதி, இந்த இடைவெளியில்தான் நீங்கள் முதன்முதலில் மினிமத்துக்குப் போயிருக்கிறீர்கள். பில் தேதியை மாற்றித் தரக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கெடு 10-ஐ ஒட்டி வரும்படி மாற்றி, முழுத் தொகையும் தானாகப் பிடிக்கும்படி போட்டுவிடுங்கள். ஆட்டோ டெபிட் போடும்போது பல ஆப்களில் ‘மினிமம்’ என்றும் ஒரு தேர்வு இருக்கும், பார்த்து ‘டோட்டல்’ என்பதைத் தொடுங்கள்.

கார்டை அடைக்கப் போகும் நாளில் ஸ்டேட்மெண்டில் உள்ள தொகையை மட்டும் கட்டிவிட்டு வராதீர்கள். ஸ்டேட்மெண்ட் போட்ட நாளிலிருந்து நீங்கள் கட்டும் நாள் வரைக்குமான வட்டி அதில் இருக்காது, அது அடுத்த மாத பில்லில் ஆயிரம், ரெண்டாயிரம் என்று தனியாக வரும். முடிந்துவிட்டது என்று நினைத்து பில்லைத் திறக்காமல் விட்டவர்களுக்கு அந்தச் சின்னத் தொகை தாமதக் கட்டணத்தோடு வளர்ந்து, கடன் அறிக்கையிலும் ஏறியிருக்கிறது. கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு இன்றைய தேதிக்கு முழு பாக்கி எவ்வளவு என்று கேட்டுக் கட்டுங்கள், அடுத்த மாத பில்லையும் திறந்து பாருங்கள், பூஜ்யம் வந்த பிறகு நிலுவை இல்லை என்ற கடிதத்தை மெயிலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.