கனடா வீட்டில் குளிருக்குள் கரண்ட் போனால் பைப் உறையாமல் இருக்க எத்தனை வாற் ஜெனரேற்றர் வேண்டும்?

இலங்கையில், பரந்தனில் இருந்துகொண்டு ஐஸ் பிடித்த பைப்பைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிக்க வேண்டாம். எனக்குப் பம்பு மோட்டருக்குக் கம்பி சுற்றும் வேலை. அக்கா குடும்பம் ஸ்காபரோவில். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் ஐஸ் மழை பெய்து, மூன்று லட்சம் இணைப்புகள் வரை இருண்டு போனதே, அதில் அவர்கள் வீடும் ஒன்று. மூன்று நாள் கரண்ட் இல்லை. நான்காம் நாள் வந்து வீடு சூடேறிய பிறகுதான் குசினிச் சுவருக்குள் இருந்து தண்ணீர் கொட்டியது. ஐஸ் உருகும்வரை பைப் வெடித்ததே தெரியவில்லை.

முதலில் எதை ஓட்டப் போகிறீர்கள் என்று பாருங்கள். வீடு சூடாக இருந்தால் பைப் உறையாது. வீட்டைச் சூடாக்குவது காஸ் ஃபேர்னஸ், அதாவது காஸ் எரிக்கும் உலை என்றால் சூட்டைத் தருவது காஸ்தான். கரண்ட் வேண்டியது முக்கியமாக அந்தச் சூட்டைத் தள்ளும் விசிறிக்கு. அத்தானை நிலக்கீழறைக்குள் இறங்கி, வீடியோவில் மோட்டர் தகட்டைக் காட்டச் சொன்னேன். தூசியைச் சட்டைக் கையால் துடைத்தார்: அரைக் குதிரைவலு, 115 வோல்ற். எங்களூர்க் கிணற்றடிச் சின்னப் பம்பின் அளவு!

அது ஓடும்போது 500, 600 வாற். கிளம்பும் நொடியில் மூன்று நான்கு மடங்கு இழுக்கும். ஒரு கிலோவாற் ஜெனரேற்றரை வாங்கிவந்து, பம்பு உறுமிவிட்டு நிற்கிறது, மோட்டர் எரிந்துவிட்டதா என்று என்னிடம் தூக்கி வருகிறவர்கள் எத்தனை பேர்! மோட்டரில் ஒரு பிழையும் இருக்காது. ஆகவே 2000 வாற்றுக்குக் கீழே போகாதீர்கள். 2500 என்றால் நிம்மதி. மின் ஹீற்றரால் சூடாகும் வீடென்றால் இது காணாது, ஒரு சின்ன ஹீற்றரே 1500 வாற் தின்னும். பற்றரியும் அப்படித்தான். 12 வோல்ற், 100 ஆம்பியர் மணி ஈயப் பற்றரியில் பாதியைத்தான் எடுக்கலாம். விசிறி தொடர்ந்து ஒரு மணித்தியாலம் ஓடினால் முடிந்தது.

ஜெனரேற்றரைக் குளிருக்குப் பயந்து கராஜுக்குள் வைக்காதீர்கள். புகையில் வரும் காபன் மொனொக்சைட் நச்சு வாயு மணக்காது, ஆளை முடித்துவிடும். வெளியே, யன்னலுக்கு 6 மீற்றராவது தள்ளி வையுங்கள். சுவர்ப் பிளக்கில் செருகிக் கரண்டைத் திருப்பி அனுப்புவதும் வேண்டாம், லைனில் வேலை செய்பவனுக்கு அடிக்கும். வீட்டை லைனில் இருந்து பிரித்து ஜெனரேற்றருக்கு மாற்றும் சுவிட்சை எலக்ட்ரீஷியன் போடட்டும்.

அப்புறம், நான் அக்காவுக்குச் சொன்னது. யுத்த காலத்தில் இங்கே இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டுக் கிளப்பி, மண்ணெண்ணெயில் பம்பை ஓட்டினோம். எஞ்சின் ஓடுகிற நேரத்துக்குள் தொட்டி நிரம்பிவிட வேண்டும், அவ்வளவுதான் அப்பாவின் கணக்கு. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோதும் மேல் தாங்கியில் தண்ணீர் இருந்த வீட்டில் சத்தமே இல்லை. நாங்கள் நிரப்பி வைக்கிறோம், நீங்கள் பைப்பை வெறுமையாக்குங்கள் என்றேன். தண்ணீர் உறையும்போது 9 சதவீதம் அளவு பெருக்கும். ஐஸுக்கும் பூட்டிய குழாய்க்கும் இடையில் அகப்பட்ட தண்ணீர்தான் நெரிபட்டுப் பைப்பை உடைக்கிறது. வீடு ஆறத் தொடங்கினால் மெயின் வால்வைப் பூட்டி, தண்ணீர் ஹீற்றரை நிறுத்தி, மேல்மாடிக் குழாயையும் நிலக்கீழறைக் குழாயையும் திறந்துவிட வேண்டும். இதற்கு ஒரு வாற்றும் வேண்டாம்.

அத்தான் அப்போதே மெயின் வால்வைத் திருகிப் பார்த்தார். அசையவே இல்லை, துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சரி, ஜெனரேற்றர் பிறகு, முதலில் பிளம்பரைக் கூப்பிடுங்கள் என்றேன்.