தார்ச்சாலை மறுசுழற்சி: புதிய பொறியாளர்களுக்கு எதிலிருந்து சொல்லித்தருவது?

கேள்வி: சென்னையில் புதிதாகச் சேர்ந்த உதவிப் பொறியாளர்களுக்குப் பழைய தார்ச்சாலையை மறுசுழற்சி செய்வது பற்றி மூன்று நாள் பயிற்சி. எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: பழைய ரோட்டைச் சுரண்டும் மில்லிங் மெஷினைக் காட்டித்தான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கலவை பெரும்பாலும் கெடுவது, சுரண்டியதைக் கொட்டி வைக்கும் இடத்தில். முதல் நாளை அந்தக் குவியலருகே கழியுங்கள்.

வீட்டு வாசலைவிட ரோடு உயரக்கூடாது என்பதால் நம் தெருக்களில் 40 மி.மீ. சுரண்டி 40 மி.மீ. போடுகிறோம். சுரண்டி வரும் பழைய தார்க்கலவையில் (ஆர்.ஏ.பி.) பழைய ஜல்லியோடு கேபிள் பள்ளத்து மண், மேன்ஹோல் ஓரத்து சிமென்ட் எல்லாம் கலந்திருக்கும். கலப்படம் உள்ளதைத் தனியே ஒதுக்கி, மீதியை 10 மி.மீ. சல்லடையில் இரண்டாகப் பிரித்து, சரிவான தளத்தில் கூரைக்குக் கீழ் வைக்க வேண்டும். தார்ப்பாய் போட்டு மூடினால் ஈரம் வெளியேற வழியிராது.

ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கணக்காகவே போட வைக்கலாம். கலவையைத் தொகுதி தொகுதியாகத் தயாரிக்கும் பேட்ச் பிளாண்டில் ஆர்.ஏ.பி.யைத் தீயில் காட்டுவதில்லை. அதற்கான சூட்டைப் புது ஜல்லிதான் கொடுக்க வேண்டும். கலவையில் 30% ஆர்.ஏ.பி., அது 30 டிகிரியில், காய்ந்தது என்று வைப்போம். கலவை 160 டிகிரியில் வர வேண்டும் என்றால் புது ஜல்லி ஏறத்தாழ 220 டிகிரிக்குப் போக வேண்டும். அதே ஆர்.ஏ.பி.யில் 4% ஈரம் இருந்தால் 270! டீசல் செலவு ஒரு பக்கம். புகையில் தூசி பிடிக்கும் பேக் ஃபில்டர் துணி கருகும், கலவையைக் கிளறும் பக்மில்லில் நீராவி குபீரென்று கிளம்பும். ஐப்பசி, கார்த்திகையில் பிளாண்ட் ஆபரேட்டர் ஆர்.ஏ.பி. என்றாலே முகம் சுளிப்பதன் காரணம் இதுதான்.

இரண்டாம் நாள் ஆய்வகம். ஆர்.ஏ.பி.யை அப்படியே சலித்தால் கட்டிகளின் அளவுதான் தெரியும். பிட்டுமனை (தாரை) கரைத்தெடுத்த பிறகு சலித்ததே உண்மையான கிரேடேஷன், அதாவது ஜல்லி அளவுகளின் பங்கீடு. கரைப்பானின் ஆவி நச்சு, காற்றோட்டம் கட்டாயம். பிறகு ஒரு கணக்கு: மேலடுக்குக்கான பி.சி. (பிட்டுமினஸ் கான்கிரீட்) கிரேடு 2 கலவையில் மொத்த பிட்டுமன் 5.4%, அதே 30% ஆர்.ஏ.பி.யில் இருப்பது 4.5% என்றால் பழையது தருவது 1.35, புதிதாகச் சேர்ப்பது 4.05. இங்கே பலர் சறுக்குவது எடையில்தான்: 4.5% காய்ந்த எடைக்கானது, தராசில் நிற்பது ஈரத்தோடு சேர்ந்த எடை. பழைய பிட்டுமன் முழுதும் இளகிப் புதியதோடு சேர்ந்துவிடும் என்றும் நம்பக்கூடாது. பழைய பிட்டுமனை இளக்கச் சேர்க்கும் ரிஜுவனேட்டரின் அளவு பழைய பிட்டுமனின் எடைக்குத்தான். கூடிப்போனால் சித்திரை வெயிலில் சக்கரத்தடம் பள்ளமாகும்.

தார்ச்சாலை மறுசுழற்சிக்கான இந்திய சாலை காங்கிரஸ் வழிகாட்டி ஐ.ஆர்.சி. 120-ஐ (2015) இதற்குப் பிறகு கையில் கொடுங்கள், முதலில் வேண்டாம்.

மூன்றாம் நாளுக்கு ஃபோம் பிட்டுமன், அதாவது நுரைக்க வைத்த தார், போதும். சூடான பிட்டுமனில் சுமார் 2% தண்ணீர் பீய்ச்சினால் குறைந்தது 8 மடங்கு பொங்க வேண்டும். பாதியாக அடங்க 6 வினாடியாவது ஆக வேண்டும். நுரை ஒட்டுவது மாவு போன்ற தூளில். ஆர்.ஏ.பி.யில் அந்தத் தூள் பழைய தாரில் சிக்கிக் கிடக்கும், அதனால் கிரஷர் டஸ்ட் (கல் உடைக்கும்போது வரும் தூள்) சேர்க்கிறோம். இதில் சேர்க்கும் சிமென்ட் 1 சதவீதத்தைத் தாண்டினால் அடுக்கு விறைத்து விரிசல் விடும்.