57 வயதில் ஓவியக் கூடம் தொடங்கலாமா? ஒரு பழைய பேனர்காரனின் பதில்

கேள்வி: "முப்பது வருடமாகச் சுவர் ஓவியம் வரைகிறேன். வயது 57. அக்கம்பக்கத்தில் யார் வேண்டுமானாலும் வந்து வரையக்கூடிய ஒரு கூடம் தொடங்க ஆசை. இந்த வயதில் சரிப்படுமா?"

சரிப்படும். வயது ஒரு பிரச்சினையே கிடையாது. நம் கைதான் பிரச்சினை. ஏன் என்று கீழே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முட்டி போயிருக்கும் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. சாரத்தில் ஏற முடிகிறவரைக்கும் நம் ஆட்கள் கூடம் கீடம் என்று யோசிப்பதில்லை. எனக்கு 2019ல் ஒரு பள்ளிச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி போட்டுக்கொண்டிருந்தபோது தலை சுற்றியது. கழுத்து வரைக்கும் முடித்தாயிற்று, தலை பாக்கி. கீழே இறங்கி உட்கார்ந்தவன்தான், மறுபடி ஏறவில்லை. சர்க்கரை என்றார்கள். தலையைக் கூட வந்த பையன் போட்டான். இன்றைக்கும் அந்தப் பக்கம் போனால் அது ஆடு மாதிரிதான் தெரியும்.

நான் 1978ல் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத் திருச்சி பாலக்கரையில் கையால் சினிமா பேனர் வரைகிற ஒரு பட்டறையில் சேர்ந்தவன். கலைக்கல்லூரியில் படித்தவர்கள் இதைப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் படிப்பைக் குறை சொல்ல வரவில்லை. எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடம் அந்தப் பட்டறைதான். முதல் இரண்டு வருடம் மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவுவது, காடா துணியை இழுத்துக் கட்டிப் பிரைமர் அடிப்பது, சின்ன ஃபோட்டோவில் கட்டம் போட்டு, அதே கட்டத்தைக் காவியில் தோய்த்த நூலால் துணியில் அடிப்பது. அப்புறம் பின்னணி. அப்புறம் சேலை, சட்டை. அப்புறம் கை. முகம் மட்டும் வாத்தியார். அதிலும் கண் கடைசியில்தான். கோயில் சிலைக்குக் கண் திறக்கிற மாதிரி, அந்த நேரத்தில் பட்டறையில் ரேடியோவை நிறுத்தச் சொல்வார். ஒன்பது வருடம் கழித்துத்தான் எனக்கு ஒரு முகம் கொடுத்தார், அதுவும் வில்லனுடைய முகம்.

2004 வாக்கில் ஃப்ளெக்ஸ் வந்தது. எங்கள் மூன்று நாள் வேலையை மெஷின் முக்கால் மணி நேரத்தில் துப்பியது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, என் மைத்துனர் மகனே அந்தக் கடைதான் வைத்திருக்கிறான். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். எழுத்தைப் பார்க்க ஆளே இல்லாமல் போய்விட்டது. எங்கள் தெருவிலேயே போன மாதம் ஒரு பெரியவர் இறந்ததற்குப் பத்தடி உயரத்தில் 'கன்னீர் அஞ்சலி' என்று வைத்திருந்தார்கள். மூன்று நாள் நின்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் பட்டறையில் சேர்ந்த அதே வருடம்தான் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. யானைத் தும்பிக்கை போட்ட பழைய லை, னை எல்லாம் போய்த் தனிக்கொம்பு வந்தது. எங்கள் வாத்தியார் ரொம்ப நாள் ஒத்துக்கொள்ளவில்லை. "கொம்பைத் தனியா நிக்க வச்சா மூக்கறுந்த மாதிரி இருக்குடா" என்பார். ஒரு கொம்புக்காக அவ்வளவு சண்டை போட்ட மனிதர், ஓர் ஒற்று விட்டுப்போனால் பேனரையே அழிக்கச் சொல்வார். இப்போது ரெண்டு சுழி ன, மூணு சுழி ண தெரியாத பையன் பத்தடியில் எழுதுகிறான். சரி, கேள்விக்கு வருகிறேன்.

ஃப்ளெக்ஸ் வந்தபின் கட்சிக்காரர்களுக்குச் சுவர் எழுதினோம். இன்ன வருடம் முதல் இன்ன வருடம் வரை என்று சுவரைப் பிடித்து வைப்பார்களே, அந்த வேலை. 2009ல் சென்னை மாநகராட்சி அண்ணா சாலையில் போஸ்டர் ஒட்டக்கூடாது என்று சொல்லி, அந்தச் சுவர்களில் படம் வரைய வைத்தது. பேனர்காரர்கள் பலருக்கு அதில் மறுபடி தூரிகை பிடிக்க வழி கிடைத்தது. சுவர் ஓவியத்துக்கு ஒரு மவுசு வந்தது. நானும் பள்ளிக்கூடம், மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று சுவருக்கு மாறிவிட்டேன்.

வயதைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள் அல்லவா, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் பிறந்தது 1911ல். ஓவியர்கள் சேர்ந்து வாழ்கிற சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் ஆரம்பித்தது 1966ல். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 55. அவர் சென்னை ஓவியக் கல்லூரி முதல்வர், நாம் யார், என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அவரோடு இருந்த ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயம் தோய்க்கிற பாத்திக் துணி செய்து விற்ற காசில்தான் அங்கே நிலம் வாங்கினார்கள். கைவேலை செய்து பிழைப்பது அவர்களுக்கும் கேவலமாகத் தெரியவில்லை.

நான் 2021ல் உறையூரில் மூடிக்கிடந்த ஒரு மாவு மில்லை வாடகைக்குப் பிடித்தேன். முன்பணம் ஐம்பதாயிரம், வாடகை ஏழாயிரம். வெளிச்சம் நன்றாக வரும், கூரை உயரம். பார்த்ததும் மயங்கிவிட்டேன். முதல் வாரம் வந்தவர்கள் எல்லாரும் தும்மித் தீர்த்தார்கள். சுவர் இடுக்கில் இருபது வருட மிளகாய்த் தூள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்கக் கிளம்பியது. கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்தும், மழைக்காலத்தில் ஒரு மூலையில் இன்னமும் சாம்பார்ப் பொடி வாசனை வரும்.

சாமான் செலவுக்குப் புத்திசாலித்தனமாக ஒன்று செய்கிறேன் என்று மைத்துனர் மகனிடம் பழைய ஃப்ளெக்ஸ் வாங்கி, அதன் பின்பக்கம் வரைய வைத்தேன். என் பிழைப்பைத் தின்ற சரக்கின் முதுகில் படம் போடுகிறோம் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். சுருட்டி வைத்ததும் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து வந்தது. பெருமையும் உரிந்தது. இப்போது பழையபடி காடாதான். ஃபெவிகாலும் சாக்பவுடரும் தண்ணீர் விட்டுக் கலந்து இரண்டு கை அடித்தால் போதும். குழாய் அக்ரிலிக் வாங்கிக் கட்டுப்படியாகாது. சுவருக்கு அடிக்கிற வெள்ளை எமல்ஷனில் நிறத்துக்கு ஸ்டெய்னர் கலந்துகொள்கிறோம்.

பிள்ளைகள் குவிவார்கள் என்று நினைத்தேன். வந்த பெற்றோர் முதலில் கேட்டது, "சர்டிஃபிகேட் தருவீங்களா?" அடுத்தது, "நீங்க ஹையர் முடிச்சிருக்கீங்களா?" அரசுத் தேர்வில் ஓவியம் லோயர், ஹையர் என்று உண்டே, அது. நான் லோயரும் கிடையாது. நாற்பது வருடம் நாற்பதடிக்கு முகம் போட்டவன் என்று சொல்லிப் பார்த்தேன். போய்விட்டார்கள். நிலைத்து நின்றவர்கள் வேறு ஆட்கள்: இரவுப் பணி முடித்து வருகிற ஒரு நர்ஸ், ஓர் ஆட்டோக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் நாலைந்து பேர். மாதம் முந்நூறு ரூபாய். சிலர் தருவார்கள், ஒருவர் கீரை கொண்டுவருவார்.

இப்போது கை விஷயம். சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார், என்னைவிட நாலு வயது மூத்தவர். அவருடைய அம்மாவுக்கு ஒரு ஃபோட்டோகூடக் கிடையாதாம். நினைவிலிருந்து வரைந்தார். ஒன்றரை மாதம். மூக்குத்தியை மட்டும் ஆறு முறை அழித்துப் போட்டார். கண் இரண்டும் மேலும் கீழுமாக இருந்தன, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒருநாள் எல்லாரும் போனபின் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். பத்து நிமிட வேலை. இரண்டு கண்ணையும் ஒரே மட்டத்தில் கொண்டுவந்து, இமை போட்டு, ஓரமாக ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். படம் எழுந்து உட்கார்ந்தது. நன்றாகத்தான் தூங்கினேன் அன்றைக்கு.

மறுநாள் காலையில் வந்தார். பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, இது யாரு?" என்றார்.

"உங்கம்மாதான்க்கா. கண்ணை மட்டும் கொஞ்சம் சரி பண்ணேன்" என்றேன்.

"எங்கம்மாவுக்கு ஒரு கண்ணு அப்படித்தான் தம்பி."

அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நாளிலிருந்து வரவில்லை. பட்டறையில் அதுதான் வழக்கம், மாணவன் போட்டதை வாத்தியார் முடிப்பார், இதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். நானும் வீட்டில் அப்படித்தான் வாதாடினேன். என் மனைவி, "அது சினிமா பேனர், இது அவங்க அம்மா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

போய் மன்னிப்புக் கேட்கிற தைரியம் எனக்கு வரவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். பிரைமர் அடித்த புதுக் காடா ஒன்றும் நாலு டப்பா பெயிண்டும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்தனுப்பினேன். இரண்டு மாதம் சத்தமே இல்லை. தை மாதம் ஒரு நாள் சுருட்டிய துணியோடு வந்தார். பழையபடி அதே அம்மா, அதே மூக்குத்தி. கண் முன்னைவிட மோசம். எனக்கு விரல் அரித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எங்க மாட்டலாம் சொல்லுங்க" என்றேன். நல்ல வெளிச்சம் விழுகிற சுவரைக் காட்டினார். அங்கே நான் 1990களில் போட்ட ஒரு பேனர்த் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றினேன்.

இப்போது என் கூடத்தில் அடுத்தவர் படத்தில் என் பிரஷ் படக்கூடாது. காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் பழைய செய்தித்தாளில் போட்டுக் காட்டுகிறேன். சில வருடமாக இதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறேன், இன்னும் முழுசாக வரவில்லை. உங்களுக்கு முப்பது வருடக் கை, அதனால் சொல்கிறேன். முடிந்தால் முதல் ஆறு மாதம் பெருக்குவது, டப்பா கழுவுவது, டீ வாங்கி வருவது இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதில் லாபம் கிடையாது என்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக்கூடாது. தரையில் நின்று செய்கிற சுவர் வேலை வருடத்துக்கு இரண்டு மூன்று எடுக்கிறேன், வாடகை அதிலிருந்துதான் போகிறது. இது விளம்பரமும் இல்லை, முகவரி கேட்டு எழுதாதீர்கள்.

கடைசியாக ஒன்று. இடம் பார்க்கும்போது வெளிச்சத்தைப் பார்த்து மயங்காமல் முதலில் கழிப்பறையைப் பாருங்கள். நம் ஆட்கள் சுவர் ஓரமாக ஒதுங்கியே வாழ்ந்தவர்கள், நமக்கு அது தோன்றாது. என் மில்லில் அது இல்லை. வயதான பெண்கள் ஒரு மணி நேரத்தில் கிளம்பிப் போவது ஏன் என்று புரிய எனக்கு நாலு மாதம் ஆனது. கட்டி முடிக்க முப்பத்தெட்டாயிரம். முன்பணத்தில் கழிக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.