கிராமங்களுக்கென்று நிதி வழங்கும் சமூக அறக்கட்டளையிடம் ஒரு சிறிய தொண்டு அமைப்பு மானியம் கோருவது எப்படி?

கொழும்பில் பதிவு செய்து இயங்கும் சிறு அமைப்பொன்று, கிராமங்களின் மேம்பாட்டுக்கென்றே நிதி வழங்கும் சமூக அறக்கட்டளையிடம் எவ்வாறு மானியம் கோர வேண்டும் எனக் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை எழுதிய விதத்திலிருந்து, தலைநகரில் தொழில் பார்த்துக்கொண்டே பிறந்த ஊருக்கு எதையாவது செய்துவிட வேண்டும் எனத் துடிக்கும் சிலர் சேர்ந்து தொடங்கிய அமைப்பு உங்களுடையது என ஊகிக்கிறேன். எங்களுடையதும் அப்படிப்பட்டதே. கொட்டாஞ்சேனையில் ஒரு கடையின் மேல்மாடியில் மாதம் ஒருமுறை கூடுகிறோம். எங்களில் பெரும்பாலானோர் பதுளை மாவட்டத்தில் பசறைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்கள். பதினொரு ஆண்டுகளாக நான் பொருளாளராக இருக்கிறேன். ஒரு சமூக அறக்கட்டளையிடம் விண்ணப்பித்து மறுக்கப்பட்டோம். இரண்டு ஆண்டுகள் கழித்து அதே அறக்கட்டளையிடம் விண்ணப்பித்துப் பெற்றோம். நிதி திரட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்கள் இந்தப் பதிலில் குறை காணக்கூடும். அவர்களுடைய வழி பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தலாம். சம்பளம் பெறும் ஊழியர் ஒருவர்கூட இல்லாத ஓர் அமைப்புக்கு எது பயன்பட்டது என்பதை மட்டுமே நான் சொல்கிறேன்.

சமூக அறக்கட்டளை என்பது ஒரு தனிச் செல்வந்தரின் பணப்பெட்டி அன்று. 1914ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் நகரில் ஃபிரெடரிக் கோஃப் என்ற வங்கியாளர் இந்த முறையைத் தொடங்கியபோது, பலர் விட்டுச்சென்ற நன்கொடைகளை ஒரே அறக்கட்டளைக்குள் சேர்த்து, அவற்றின் வருமானத்தை எதற்குச் செலவிடுவது என்பதை அந்த ஊரவர் அடங்கிய குழுவொன்று தீர்மானிக்கும்படி அமைத்தார். இன்றும் அடிப்படை அதுதான். வெளியே ஒரே பெயர்ப்பலகை தொங்கினாலும் உள்ளே பல நிதியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அதைக் கொடுத்தவர் எழுதிவைத்த நிபந்தனை இருக்கும். ஒன்று குடிநீருக்கு மட்டும், இன்னொன்று பெண் பிள்ளைகளின் கல்விக்கு மட்டும், வேறொன்று குறிப்பிட்ட மாவட்டத்துக்கு மட்டும் என்று பிரிந்திருக்கும். ஆகவே, கிராமங்களுக்கு உதவுகிறார்கள் என்று கேள்விப்பட்ட உடனே எழுதத் தொடங்காமல், உங்கள் வேலை எந்த நிதியத்துக்குள் அடங்கும் என்பதை அங்குள்ள அலுவலரிடம் கேட்டறியுங்கள். தொலைபேசியில் அழைத்து அந்த ஒன்றைக் கேட்கத் தவறியதால் நாங்கள் இரண்டு ஆண்டுகளை இழந்தோம்.

இடம் பற்றிய நிபந்தனையை இன்னும் கவனமாக வாசிக்க வேண்டும். எங்கள் உறுப்பினர் ஒருவரின், மெல்பேர்ணில் வசிக்கும் அண்ணன், கிராமங்களுக்கென்றே பெரிய அறக்கட்டளை ஒன்று அங்கே இருப்பதாக மிகுந்த ஆர்வத்துடன் தகவல் அனுப்பினார். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு விக்டோரியா மாநிலத்தின் பெண்டிகோ நகரிலிருந்து இயங்கும் அந்த அமைப்பின் மானியங்கள் அவுஸ்திரேலியாவின் கிராமியச் சமூகங்களுக்கே உரியவை என்பதைத் தகுதி விதிகளை வாசித்த பிறகே அறிந்தோம். புலம்பெயர்ந்த உறவினர்கள் அன்பினால் அனுப்பும் தகவல்களை மதியுங்கள். ஆனால் தகுதி விதிகளை நீங்களே வாசித்துவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பதிவு பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவோ பதிவு செய்திருப்பீர்கள். பதிவுச் சான்றிதழ், அமைப்பின் விதிகளைக் கொண்ட யாப்பு, இருவர் ஒப்பமிடும் வங்கிக் கணக்கின் விபரம், கணக்காய்வு செய்யப்பட்ட இரண்டு மூன்று ஆண்டுக் கணக்குகள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருங்கள். பெறும் மானியத்தின் 3 சதவீதத்தை வருமானமாகக் கருதி வரி கணிக்கும் ஏற்பாடு 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் இருப்பதால், பாதீடு எழுதும் முன்னரே கணக்காளர் ஒருவரைச் சந்தியுங்கள்.

இனி எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு தேயிலைத் தோட்டத்தின் மூன்று லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், வாழும் 64 குடும்பங்களுக்குத் தண்ணீர் பிடிக்க ஒரே பீலிதான் இருந்தது. மழையில்லாத மாதங்களில் பெண்கள் விடியுமுன்னே குடங்களை வரிசையில் வைத்துத் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு, அதன் பிறகே கொழுந்து பறிக்கப் போவார்கள். மேலே மலைச்சரிவில் வற்றாத ஊற்று ஒன்று இருக்கிறது. அங்கே தொட்டி கட்டிக் குழாய் இறக்கினால் மின்சாரம் இல்லாமலே தண்ணீர் லயத்துக்கு வந்துவிடும். 18 இலட்சம் ரூபாய் தேவை என மதிப்பிட்டோம். 2019ஆம் ஆண்டில், முன்மொழிவு எழுதிக் கொடுக்கும் ஒருவருக்கு எங்கள் கைப்பணத்திலிருந்து 40,000 ரூபாய் கொடுத்து, 31 பக்கங்களில் ஆங்கில விண்ணப்பம் ஒன்றைத் தயாரித்தோம். எங்களில் பாதிப் பேருக்கு அதில் எழுதியிருந்தது முழுமையாக விளங்கவில்லை. லயத்தில் இருந்த ஒருவருக்கும் அதை நாங்கள் வாசித்துக் காட்டவில்லை.

நான்கு மாதங்கள் கழித்து மூன்று வரிகளில் பதில் வந்தது. நாங்கள் குறிப்பிட்ட இடம் பெருந்தோட்டத் துறையைச் சேர்ந்தது என்பதால், கிராமியத் துறைக்கான நிதியத்தின் கீழ் அதைப் பரிசீலிக்க இயலாது என்றார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தார் வீதி முடிந்த பிறகும் இரண்டு கிலோமீற்றர் மலையேறிச் சேர வேண்டிய இடம் கிராமம் இல்லையென்றால், அதை வேறு என்னவென்று அழைப்பது?

இந்தப் பிரிப்பு அந்த அறக்கட்டளை தானாகக் கண்டுபிடித்ததன்று. நம் நாட்டுத் தொகைமதிப்புத் திணைக்களம் நகரம், கிராமம், பெருந்தோட்டம் என்று மூன்று துறைகளாகவே மக்களைக் கணக்கிடுகிறது. 20 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்பும், அங்கேயே வசிக்கும் 10 தொழிலாளராவதும் இருந்தால் அது தோட்டம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. அது 2018ஆம் ஆண்டில்தான் திருத்தப்பட்டது. அந்த ஆண்டுகளிலெல்லாம், பக்கத்துக் கிராமத்துக்கு வீதியும் விளக்கும் வந்ததை லயத்து வாசலில் நின்று பார்த்தவர்கள் என் பெற்றோர். ஆகவே ‘கிராமம்’ என்ற சொல் உங்களுக்குத் தெளிவாகத் தோன்றினாலும், அறக்கட்டளையின் ஆவணத்தில் அது எதைக் குறிக்கிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மலையகத்துக்காக வேலை செய்யும் அமைப்பாக இருந்தால் இதை மிக வலியுறுத்திச் சொல்கிறேன்.

கோபத்தில் எழுதிய கடிதத்தை அனுப்பாமல் வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்து அவர்களைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய அலுவலர் ஒரு சிங்களப் பெண்மணி. நன்கொடையாளரின் நிபந்தனையில் அந்தச் சொல் இருப்பதால் தமக்கு வேறு வழியில்லை எனவும், குடிநீருக்கான மற்றொரு நிதியத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை எனவும் பொறுமையாக விளக்கினார். அதன் பிறகு மூன்று கேள்விகளைக் கேட்டார். நிலம் யாருடையது? ஐந்து ஆண்டுகளின் பின் குழாய் உடைந்தால் யார் திருத்துவார்கள்? இந்தத் திட்டம் வேண்டும் என்று லயத்து மக்களில் யார், எந்தக் கூட்டத்தில் தீர்மானித்தார்கள்? 31 பக்கங்களில் இந்த மூன்றில் ஒன்றுக்கும் விடை இருக்கவில்லை.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போய்க் கோயில் முன்றிலில் கூட்டம் வைத்தோம். நாங்கள் தொட்டிக்குத் தெரிவு செய்திருந்த இடத்துக்கு மேலே உள்ள தேயிலை மலையில் மருந்து அடிப்பதால் அந்தத் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மாட்டோம் என்று பெண்கள் உறுதியாகச் சொன்னார்கள். இன்னும் மேலே, காட்டோரத்தில் உள்ள ஊற்றுக்கண்ணைக் காட்டினார்கள். எங்கள் ஆங்கில விண்ணப்பம் வெற்றி பெற்றிருந்தால், 18 இலட்சம் ரூபாயைச் செலவழித்து, எவரும் குடிக்காத தண்ணீரைக் கொண்டுவந்திருப்போம். இதை எழுதும்போதும் என் மனம் பதறுகிறது.

நிலம் அரசுக்குச் சொந்தமானது. கம்பனி அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. தோட்ட முகாமையாளரின் கடிதமும், கொழும்பில் உள்ள கம்பனித் தலைமையகத்தின் கடிதமும் தேவைப்பட்டன. நோய்த்தொற்றுக் காலக் கட்டுப்பாடுகளும் குறுக்கிட்டதால் இதற்கு மட்டும் பதினான்கு மாதங்கள் கடந்தன. கொழும்பில் இருக்கும் நம்மைப் போன்றவர்களால் உண்மையிலேயே ஆகக்கூடிய வேலை இதுதான்: தோட்டத்தில் இருப்பவர்கள் ஒருநாள் பேரை, அதாவது அன்றைய நாட்சம்பளத்தை, இழந்து வந்து காத்திருக்க முடியாத அலுவலகங்களில் நாம் போய்க் காத்திருப்பது.

யார் பராமரிப்பார்கள் என்ற கேள்விக்கு அந்தக் கூட்டத்திலேயே விடை கிடைத்தது. லயத்து மரண உதவிச் சங்கத்தின் பொருளாளரான பெரியவர் ஒருவர் எழுந்து போய், துணியில் சுற்றிய நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு குடும்பமும் மாதம் 50 ரூபாய் வீதம் பதினேழு ஆண்டுகளாகக் கட்டிவந்த கணக்கு அது. எந்த மாதத்தில் யார் வீட்டில் சாவு, எவ்வளவு கொடுத்தார்கள், கையில் மீதி எவ்வளவு என்பதெல்லாம் ஒரே கையெழுத்தில் இருந்தன. தண்ணீருக்கும் அதே முறையில் சந்தா கட்டுவதென்று அங்கேயே தீர்மானித்துக் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டார்கள்.

2021ஆம் ஆண்டில் நாங்கள் அனுப்பிய விண்ணப்பம் ஒன்பது பக்கங்கள் கொண்டது. முதலில் தமிழில் எழுதி, கோயில் முன்றிலில் வாசித்து, திருத்தங்களைக் கேட்டு, அதன் பிறகே ஆங்கிலமாக்கினோம். அந்த ஆண்டின் இறுதியில் அதே அலுவலர் நேரில் வந்தார். ஊற்றையும் பீலியையும் பார்த்தார். ஆனால் அதிக நேரம் அவர் பார்த்தது பெரியவரின் புத்தகத்தைத்தான். தமிழ் அறியாத அவருக்கு எண்கள் விளங்கின. “பதினேழு வருசத்துல ஒரு மாசங்கூட விட்டுப் போகல, மிஸ்” என்று பெரியவர் சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். உங்கள் ஊரிலும் இத்தகைய புத்தகம் ஒன்று இருக்கும்: மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சேமிப்புக் கணக்கு, கோயில் சந்தாக் கணக்கு, மீனவர் சங்கக் கணக்கு என ஏதோவொன்று. அதைத் தேடி எடுத்து அதன் பிரதியை விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

பாதீட்டில் ஒரு தவறைத் தவிருங்கள். முதல் விண்ணப்பத்தில் நிர்வாகச் செலவு என்ற இடத்தில் பூச்சியம் இட்டோம். அது எங்கள் நேர்மையைக் காட்டும் என நம்பினோம். கணக்காய்வாளரின் கட்டணம், பதுளைக்கான பஸ் கட்டணம், நீர் மாதிரியைப் பரிசோதிக்கும் செலவு ஆகியவற்றை யாரோ ஒருவர் கொடுக்கத்தான் வேண்டும். அதை மறைத்தால், கணக்குத் தெரியாதவர்கள் அல்லது கணக்கை மறைப்பவர்கள் என்றே வாசிப்பவர் நினைப்பார். தொண்டு செய்பவர் பஸ் காசு கேட்கலாமா என்று நம்மவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும். சொந்தப் பணத்தில் ஐந்து ஆண்டுகள் ஓடிக் களைத்து மூடப்பட்ட அமைப்புகளை நான் கண்டிருக்கிறேன். அவற்றை நம்பியிருந்த ஊர்களுக்கு அதனால் நன்மை விளையவில்லை. மக்களின் பங்களிப்பையும் பணமாக மதிப்பிட்டு எழுதுங்கள். குழாய் பதிக்கக் கான் வெட்டும் சிரமதானத்துக்கு எத்தனை பேர், எத்தனை நாட்கள், அன்றைய நாட்கூலி எவ்வளவு என்று காட்டினால் அது உங்கள் பக்கத்துப் பங்காகக் கணக்கில் சேரும்.

ஒரு மனக்குறையையும் சொல்லியே ஆக வேண்டும். அந்த அறக்கட்டளையின் படிவம் ஆங்கிலத்திலும் விளக்கக் குறிப்பு சிங்களத்திலும் இருந்தன. தமிழில் எதுவும் இருக்கவில்லை. தமிழில் எழுதப்பட்ட எங்கள் கூட்டறிக்கைகள் 27 பக்கங்களையும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, பக்கத்துக்கு இவ்வளவு எனப் பணம் கட்டி ஆங்கிலமாக்க வேண்டியிருந்தது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அது அரசைக் கட்டுப்படுத்துமேயன்றித் தனியார் அறக்கட்டளையைக் கட்டுப்படுத்தாது என ஒருவர் வாதிடலாம். சட்டப்படி அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் தமிழில் கூடி, தமிழில் தீர்மானித்து, தமிழில் கணக்கெழுதும் மக்களுக்கு உதவ முன்வரும் நிறுவனம், அந்தக் கணக்கை வாசிக்கக்கூடிய ஒருவரைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும் என்று கேட்பது நியாயமானதே. நாங்கள் இதை எழுத்தில் கேட்டோம். நீங்களும் கேளுங்கள், மொழிபெயர்ப்புச் செலவையும் பாதீட்டில் சேருங்கள்.

2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் முதல் தவணையாக 9 இலட்சம் ரூபாய் வந்தது. மார்ச் மாதத்தில் ரூபாய் சரியத் தொடங்கியது. 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியது. நாங்கள் எழுத்தில் பெற்றிருந்த குழாய் விலைகளும் சீமெந்து விலையும் எதற்கும் உதவாமற் போயின. மறைத்துச் சமாளிக்கலாம் என்று எங்களில் இருவர் சொன்னார்கள். நான் மறுத்தேன். பழைய விலை, புதிய விலை, பற்றாக்குறை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, மக்களின் தீர்மானத்தையும் இணைத்து அனுப்பினோம்: கூலிக்கு ஒதுக்கிய 4 இலட்சத்தையும் குழாய்க்கு மாற்றுவது, கான்களைத் தாங்களே வெட்டுவது, இரண்டு லயங்களை முதலில் முடித்து மூன்றாவதைப் பிறகு இணைப்பது. இரண்டு வாரங்களில் சம்மதக் கடிதம் வந்தது. டீசல் இல்லாமல் லொறி ஓடாததால் குழாய்கள் பதுளையில் ஐந்து வாரங்கள் கிடந்தன. அதையும் எழுதி அறிவித்தோம். இரண்டு லயங்களுக்கு 2022 நவம்பரில் தண்ணீர் வந்தது. மூன்றாவது லயத்துக்கு 2023 ஜூலையில், எங்கள் உறுப்பினர்கள் சேர்த்த பணத்தையும் கொண்டு இணைத்தோம்.

இறுதி அறிக்கையோடு பற்றுச்சீட்டுகள் அனைத்தையும் இலக்கமிட்டு அனுப்பியபோது, மானியத்தில் 11,340 ரூபாய் மீதியிருந்தது. அதைக் காசோலையாகத் திருப்பி அனுப்பினோம். அதற்கு அவர்கள் தந்த பற்றுச்சீட்டின் பிரதியைத்தான், இப்போது வேறு எந்த அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தாலும் பெரியவரின் கணக்குப் புத்தகப் பிரதிக்கு அடுத்த இணைப்பாக வைக்கிறோம்.