நாளைக்குத் தள்ளும் வேலை: கேள்வியும் பதிலும்

மாணவர்களுக்கு மனநல ஆலோசனை வழங்கும் கல்லூரி ஆலோசகர் பதிலளிக்கிறார்.

முனைவர் பட்ட ஆய்வேட்டின் மூன்றாம் இயலை ஏழு மாதங்களாகத் தொடவில்லை. கோப்பைத் திறந்தாலே மனம் கனக்கிறது. நான் சோம்பேறியா?

இல்லை. சோம்பேறிக்கு மனம் கனப்பதில்லை. வேலை எழுப்பும் அச்சத்திலிருந்து அப்போதைக்குத் தப்புவதே தள்ளிப்போடுதல் என்று கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலாளர் டிமதி பிச்சில் நெடுங்காலமாக விளக்கிவருகிறார். கோப்பை மூடியதும் கிடைக்கும் நிம்மதிதான் மறுநாளும் அதை மூடவைக்கிறது. ஆகவே ‘நாளை எழுதுவேன்’ என்று உறுதி எடுக்காமல், ‘காலைக் காப்பி குடித்ததும், சன்னலோர மேசையில், கடைசிப் பத்தியை வாசித்து ஒரு வாக்கியம் சேர்ப்பேன்’ என்று வேளையையும் இடத்தையும் செயலோடு பிணைத்துவிடுங்கள். உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் விரிவாக எழுதிய இம்முறை பலமுறை சோதிக்கப்பட்டது. கழிந்த மாதங்களுக்காக உங்களை வதைத்துக்கொள்ளவும் வேண்டாம். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளியதற்காகத் தம்மை மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டதைப் பிச்சில் குழுவினர் 2010-இல் வெளியிட்டார்கள். ஒன்று மட்டும்: அட்டவணை எழுதுவது வேலை ஆகாது.

எந்தச் செயலி நல்லது?

கைப்பேசியின் அலாரம் போதும். செயலி தேடுவதும் அட்டவணை எழுதுவதைப் போன்றதே.

‘தூங்குக தூங்கிச் செயற்பால’ என்று வள்ளுவரே சொல்லியிருக்க, தாமதத்தை ஏன் குறை கூறுகிறீர்கள்?

குறளை (672) முழுவதும் படியுங்கள். ‘தூங்கற்க தூங்காது செய்யும் வினை’ என்று அது முடிகிறது. இங்கே தூங்குதல் என்றால் தாமதித்தல்: தாமதித்துச் செய்ய வேண்டியதைத் தாமதியுங்கள், தாமதிக்காமல் செய்ய வேண்டியதைத் தாமதிக்காதீர்கள். கோபத்தில் எழுதிய கடிதத்தை ஓர் இரவு வைத்திருப்பது முதல் வகை. பல்வலிக்கு மருத்துவரைப் பார்ப்பது இரண்டாம் வகை. எது எந்த வகை என்று முதலிலேயே தீர்மானிக்கச் சொல்கிறார் அவர்.

ஆறப்போட்டால் சில வேலைகள் தாமே தீர்கின்றனவே, ஐயா?

தீர்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஆறப்போடுகிறவர் எந்த நாளில் அதை மீண்டும் எடுப்பார் என்று அறிந்திருப்பார். உங்களால் அந்த நாளைச் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அது ‘நெடுநீர்’, அதாவது காலம் நீட்டித்தல். மறதி, சோம்பல், தூக்கம் ஆகியவற்றோடு அதையும் சேர்த்து, கெடுகிறவர்கள் விரும்பி ஏறும் கலம் என்று அதே வள்ளுவர் 605-ஆம் குறளில் எச்சரிக்கிறார்.

போமோடோரோ முறைக்கு ஏற்ற செயலி எது?

செயலி பற்றி முன்பே சொல்லிவிட்டேன். 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து இப்போதே தொடங்குங்கள்.

இரண்டு மாதங்களாகத் தூக்கமில்லை. குளிக்கவும் மனம் வரவில்லை. என்ன பயிற்சி செய்யலாம்?

தங்களுக்குத் தேவை பயிற்சி அன்று. இது மனச்சோர்வாக இருக்கலாம். இந்த வாரமே மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை பொறுக்க இயலாவிட்டால், 14416 என்ற இந்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்; தமிழிலும் பேசலாம்.