எல்லாப் பாடத்துக்குள்ளும் கணினி: கேள்வி பதில்

கலை, வணிகம், விவசாயம் என எந்தத் துறை மாணவருக்கும் அவரவர் பாடத்துக்குள்ளேயே கணினியைப் படிப்பிப்பது எப்படி? மலையகக் கல்லூரி விரிவுரையாளர்கள் கேட்டவற்றுக்குக் கணினி விரிவுரையாளர் ஒருவரின் பதில்கள்.

புவியியல், நுவரெலியா: சேர், எங்கே தொடங்குவது?

மழையில் தொடங்குங்கள் மிஸ். நுவரெலியாவுக்குத் தென்மேற்குப் பருவமழை நன்றாகக் கிடைக்கும். பதுளைக்கு ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் பெரிய மழை. ஏன் என்பது உங்கள் பாடம். அதை எண்ணில் காட்டத்தான் கணினி. இரண்டு இடத்துக்கும் 30 வருட மாதாந்த மழைவீழ்ச்சி எடுத்தால் 720 நிரை வரும். இடம், வருடம், மாதம், மில்லிமீற்றர் என நான்கு நிரல் போதும். மாதங்களைப் பக்கவாட்டில் பரப்பி, தலைப்புக் கலங்களை ஒன்றாக்கி வைத்தால் பிவட் டேபிள் (நிரைகளைத் தொகுத்துக் கூட்டிக் காட்டும் எக்செல் வசதி) மக்கர் பண்ணும். அளக்காத மாதத்தை வெறுமையாக விடச் சொல்லுங்கள். அங்கே 0 போட்டால் மழையே பெய்யவில்லை என்றாகி, சராசரி விழுந்துவிடும். மூலக் கோப்பில் யாரும் கை வைக்கக்கூடாது. பிரதியில்தான் வேலை.

தமிழ், பதுளை: தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். 'கொழுந்து' என்று தேடினால் பாதிப் பாட்டு வருவதில்லை.

இரண்டு காரணம் இருக்கும். பாதிக் கோப்புகள் பாமினியில் இருக்கலாம். பாமினி, ஆங்கில எழுத்துக்குத் தமிழ் உருவம் போர்த்துகிற எழுத்துரு. கணினிக்கு உள்ளே இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். முதலில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது தமிழுக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ள பொது முறைக்கு, மாற்றுங்கள். அதன் பிறகும் சில வராது. 'கொ'வில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் பதிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் பதிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, தேடலுக்கு இரண்டு. பைதன் என்ற புரோகிராம் மொழியில் 'யூனிகோட்டேட்டா' தொகுதியின் 'நோர்மலைஸ்' கட்டளைக்கு 'என்எஃப்சி' என்று கொடுத்தால் இரண்டையும் ஒன்றாக்கித் தரும். ஆனால் 'கௌரவம்' என்பதை கொம்பு போட்டு 'ள' எழுத்தால் அடித்திருந்தால் அதுவும் கைகொடுக்காது, நீங்களே மாற்ற வேண்டும். இன்னொன்று: 'தமிழ்' என்ற சொல்லின் நீளத்தைப் பைதனிடம் கேட்டால் 5 என்னும். எழுத்து மூன்று, குறியீடு ஐந்து. யாப்பு படித்த மாணவருக்கு மாத்திரை எண்ண ஒரு புரோகிராம் எழுதக் கொடுங்கள். இந்த இடத்தில்தான் அவர் யோசிக்கத் தொடங்குவார். மூலக் கோப்பு பத்திரம்.

வணிகம், ஹட்டன்: இவ்வளவு எதற்கு? முதலாம் வருடத்தில் எல்லாருக்கும் பைதன் ஒரு பாடமாக வைத்தால் முடிந்தது.

முடியாது சேர். பகா எண் தேடவும் நட்சத்திரக் குறியால் முக்கோணம் வரையவும் புரோகிராம் எழுதிவிட்டு, பரீட்சையோடு மறந்துவிடுவார்கள். வரலாற்று மாணவருக்குக் குடித்தொகை மதிப்பீட்டைக் கொடுங்கள். 1871 முதல் 1931 வரை பத்து வருடத்துக்கு ஒன்று. பிறகு 1946, 1953, 1963, 1971, 1981, 2001, 2012, 2024. கோட்டு வரைபடம் போட்டால் எக்செல் எல்லாவற்றையும் சம இடைவெளியில் அடுக்கும். 7 வருடத்துக்கும் 20 வருடத்துக்கும் ஒரே அகலம் என்றால் சரிவே பொய். சிதறல் வரைபடம்தான் போட வேண்டும். அதில் இந்தியத் தமிழர் தொகை 1971இல் சுமார் 11.7 இலட்சம், 1981இல் சுமார் 8.2 இலட்சம் என்று விழும். அந்த இறக்கத்தில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இருக்கிறது, இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். இதைப் பைதன் பாடத்தில் யார் சொல்லிக்கொடுப்பது?

வணிகம், ஹட்டன்: அப்போ வரலாற்று ஆசிரியர் புரோகிராம் பிழை திருத்தவேண்டுமா?

வரலாறு, பண்டாரவளை: அதைக் கணினித் துறை பார்க்கட்டும் சேர். இந்தியத் தமிழர் என்ற வகை 1911இல்தான் தனியாக வருகிறது. அது தெரியாமல் 1901ஐயும் 1911ஐயும் ஒரே நிரலில் சேர்த்தால் புரோகிராம் பிழையே இல்லாமல் ஓடும், விடை மட்டும் பிழை.

வணிகம், ஹட்டன்: சரி, ஆனால் பாட ஆசிரியர், கணினி ஆசிரியர் என இரண்டு பேருக்கு நேரம்?

நியாயமான கேள்வி. முதல் மூன்று செய்முறை வகுப்புக்கு இருவரும் நிற்கவேண்டும், அது நேரசூசியில் இருக்கவேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் நடக்காது. புள்ளி போடுவது பாட ஆசிரியர்: 60 விளக்கத்துக்கு, 40 அதே கோப்பை இன்னொருவர் ஓட்டினால் அதே விடை வருகிறதா என்பதற்கு. புள்ளி கணினித் துறையிடம் போனால், மாணவர் வரலாற்றை விட்டுவிட்டு நிறத்தையும் எழுத்துருவையும் அழகுபடுத்துவார். உங்கள் துறைக்குச் சம்பளப் பட்டியல் இருக்கிறதே: ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8, தொழில் வழங்குநர் 12, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். இவற்றைச் சூத்திரத்துக்குள் எழுத விடாதீர்கள். தனிக் கலத்தில் வைத்து டொலர் குறியால் பூட்டவேண்டும். பூட்டாமல் கீழே இழுத்தால் அடுத்த ஆளிலிருந்து தவறான கலத்தை எடுக்கும்.

விவசாயம், பதுளை: கொழுந்துப் பதிவில் திகதிகள் குழம்புகின்றன.

03/04 என்பதை எக்செல், கணினியின் பிராந்திய அமைப்பைப் பார்த்து மார்ச் 4 என்றோ ஏப்ரல் 3 என்றோ எடுக்கும். மாதம் முதலில் வரும் அமைப்பில் 13ஆம் திகதியிலிருந்து வெறும் எழுத்தாகவே விட்டுவிடும். நிரலில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் நோய். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். எக்செல் திகதியாக மாற்றிவிடுகிறதென்று சில மரபணுக்களின் பெயரையே 2020இல் மாற்றினார்கள். ஆகவே மூலக் கோப்பு...

கலைத்துறை, கொட்டகலை: எந்த மொழி நல்லது?

பைதன்.

விஞ்ஞானம், ஹட்டன்: ஜாவா கூடாதா?

மேலே சொல்லியாயிற்று. பாடத்துக்குள் ஒரு கேள்வியை முடிவு செய்துவிட்டு வாருங்கள், பிறகு மொழி பேசலாம்.

தமிழ், தலவாக்கலை: ஒப்படையைப் பாமினியில் வாங்கலாமா?

வேண்டாம். பதுளை மிஸ்ஸுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

கலைத்துறை, கொட்டகலை: 40 பேருக்கு 10 மடிக்கணினிதான் இருக்கிறது.

20 பேர் இரண்டிரண்டாக உட்காரட்டும், 15 நிமிடத்துக்கு ஒருமுறை விசைப்பலகை கை மாறவேண்டும். மற்ற 20 பேர் நிரல் பெயர்களைத் தாளில் வரையட்டும், ஐந்து நிரையைக் கையால் கணக்கிட்டு வைக்கட்டும். பாதி நேரத்தில் இடம் மாறுங்கள். கணினி தருகிற விடை கையால் கணக்கிட்ட அந்த ஐந்தோடு ஒத்துவராவிட்டால் அந்த ஒப்படையை ஏற்காதீர்கள்.